மாமியார் பாலக்காட்டிலிருந்து வரலாமா? நிபா பற்றிக் கேட்டவருக்கு

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். சிங்கப்பூரின் பொங்கோலில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்து இருக்கிறீர்கள், மனைவிக்கு எட்டாவது மாதம், பிரசவத்துக்குத் துணையாகப் பாலக்காட்டிலிருந்து மாமியார் வர டிக்கெட் போட்டாயிற்று, இந்த நேரத்தில் கேரளாவில் நிபா வைரஸ் நோய் என்று செய்தி. கூட இருக்கும் குடும்பம் அங்கிருந்து யாரும் இப்போது வர வேண்டாம் என்கிறது. உங்கள் அப்பாவோ 1999-ல் சிங்கப்பூருக்கே வந்த நோய்தானே அது, மலேசியா பக்கத்திலேயே இருக்கிறது, பேசாமல் இரண்டு பேரும் திருச்சிக்கு வந்துவிடுங்கள் என்கிறார். நிபா ஆபத்தானதா என்று முதல் வரியில் கேட்டிருக்கிறீர்கள், அதற்குப் பதில் உங்களுக்கே தெரியும். உண்மையில் நீங்கள் கேட்பது, பிறக்கப்போகிற குழந்தைக்கும் அந்த நோய்க்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம் என்பது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாமியார் வரட்டும், கீழே சொல்கிற சில நிபந்தனைகளோடு. நீங்கள் இரண்டு பேரும் எங்கும் கிளம்ப வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. இங்கே மருத்துவமனை வார்டுகளில் நர்ஸாகவும் அப்புறம் தொற்றுத் தடுப்புப் பிரிவிலும் பல வருடம் வேலை செய்தேன், 2003-ல் சார்ஸ் என்ற கொடிய நுரையீரல் தொற்று வந்தபோது வார்டில் இருந்தேன். நிபா நோயாளி யாரையும் நான் பராமரித்ததில்லை. அந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்தது படித்தும் பயிற்சி எடுத்தும் தெரிந்துகொண்டது. உங்கள் மனைவியின் உடல்நிலை சம்பந்தப்பட்ட எதையும் அவரைப் பார்க்கிற மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், நான் இங்கே எழுதுவது அதற்கு மாற்று இல்லை.

வெளிநாட்டில் இருக்கும்போது பக்கத்தில் எங்காவது கொடிய நோய் வந்தால் எல்லோரும் முதலில் செய்வது வரைபடத்தைப் பார்ப்பதுதான். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேர விமானம் என்று. அந்தக் கணக்கு பெரும்பாலும் உதவாது. நோய் எந்த வழியாக ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போகிறது, அந்த வழியில் நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்பதுதான் உதவும். சார்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2003 பிப்ரவரியில் ஹாங்காங்கில் ஒரே ஹோட்டலில் தங்கிவிட்டு வந்த மூன்று இளம் பெண்கள் இங்கே திரும்பினார்கள், அவர்களில் ஒருவரிடமிருந்துதான் சிங்கப்பூரில் பரவல் தொடங்கியது. ஹாங்காங் எங்கே, நாம் எங்கே. 238 பேருக்கு வந்தது, 33 பேர் இறந்தார்கள், நோய் வந்தவர்களில் ஐந்தில் இரண்டு பேர் மருத்துவமனைப் பணியாளர்கள். அந்தச் சமயத்தில் பக்கத்து மலேசியாவின் ஜொகூரில் இருந்தவரை விட, மணிலாவில் இருந்தவரை விட, அந்த நோயாளி படுத்திருந்த வார்டில் இருந்தவருக்குத்தான் ஆபத்து அதிகம். நர்சுகள், டாக்டர்கள், பார்க்க வந்த உறவினர்கள், பக்கத்துக் கட்டில்காரர்கள்.

1999-ல் சிங்கப்பூருக்கு நிபா வந்தது உண்மைதான், உங்கள் அப்பா சொன்னது தப்பில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்பதையும் அவர் தெரிந்துகொள்ள வேண்டும். 1998 செப்டம்பரில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கியது. பண்ணை ஓரத்தில் நின்ற பழ மரங்களில் வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்கள் பன்றிக் கொட்டகைக்குள் விழுந்தன, பன்றிகளுக்கு வந்தது, பன்றிகளைத் தொட்டுப் பழகிய ஆட்களுக்கு வந்தது. முதலில் எல்லோரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. கொசுவால் வருகிற நோய் என்றால் குழந்தைகளுக்கும்தானே வர வேண்டும், இது பெரும்பாலும் பன்றியோடு வேலை செய்த பெரிய ஆண்களுக்கு மட்டுமே வந்தது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் என்று கண்டுபிடித்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயர் அதற்கு வந்தது. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். சிங்கப்பூரில் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார், 11 பேருமே பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்தவர்கள். மலேசியாவிலிருந்து லாரியில் வந்த உயிருள்ள பன்றிகள்தான் வழி. அந்த இறக்குமதியை நிறுத்தினார்கள், கூடங்களை மூடினார்கள், அதோடு இங்கே நின்றது. அந்த வருடத்துக்குப் பிறகு மலேசியாவிலும் சரி சிங்கப்பூரிலும் சரி மனிதர்களுக்கு நிபா வரவில்லை. அந்த நாட்களில் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கிற காஸ்வே தாண்டி ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள், அவர்கள் யாரும் அதைக் கொண்டுவரவில்லை.

சரி, இப்போது கேரளா. இந்தியாவிலும் பங்களாதேஷிலும் சுற்றுகிற நிபா வகை மலேசிய வகையிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. இதில் நுரையீரல் பாதிப்பும் இருமலும் அதிகம், அதனால் மனிதரிடமிருந்து மனிதருக்குப் போகிறது. இதை நான் மறைத்துப் பேச மாட்டேன், நோய் வந்தவர்களில் 40 முதல் 75 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு, அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசியோ நேரடியான மருந்தோ இல்லை. ஆனால் ஒரு நோய் எவ்வளவு பேரைக் கொல்லும் என்பதும் எவ்வளவு சுலபமாகப் பரவும் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள், செய்திகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பங்களாதேஷில் 2001 முதல் 2014 வரை நிபா வந்த 248 பேரை ஆராய்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் வேறு யாருக்காவது பரப்பியிருந்தார். நோயாளியைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட கணவன் அல்லது மனைவிக்கு வந்த அளவு ஏழில் ஒன்று, மற்ற நெருங்கிய உறவினர்களுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. சராசரியாக மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒரு புதிய நோயாளியை உண்டாக்கினார்கள், அதாவது சங்கிலி தானாகவே அறுந்துபோகும். காற்றில் ஊரெல்லாம் பரவுகிற கோவிட் மாதிரி இதை நினைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சங்கிலி பெரும்பாலும் அறாமல் நீள்கிற இடம் ஒன்று உண்டு, அது மருத்துவமனை. 2001-ல் மேற்கு வங்காளத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவமனைக்குள் இருந்தபோதுதான் தொற்றியது. 2018-ல் கோழிக்கோட்டிலும் அதே கதை. முதல் நோயாளி இருமிக்கொண்டு பேராம்பிரா மருத்துவமனையில் படுத்திருந்தார், அப்புறம் மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுக்கக் காத்திருந்தார். அந்த வார்டிலும் தாழ்வாரத்திலும் இருந்தவர்களுக்குப் போனது, அவரைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லினி இறந்துபோனார். இது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: நம் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் சொந்தபந்தம் முழுக்கப் பார்க்கப் போகும், ஒருவர் பாயைப் போட்டுக் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கொள்வார், சாப்பாடு ஊட்டுவார், எச்சில் துடைப்பார், துணி அலசுவார். பாசம்தான் அது. நிபா அந்த வழியாகத்தான் போகிறது. பிறகு 2023-ல் கோழிக்கோட்டில் ஆறு பேருக்கு வந்தது, முதலில் இறந்தவரிடமிருந்து வீட்டுக்காரர்களுக்கும் மருத்துவமனையில் பக்கத்தில் இருந்தவர்களுக்கும்தான். 2025-ல் மலப்புறத்திலும் முதல் முறையாகப் பாலக்காட்டிலும் சேர்த்து நான்கு பேருக்கு வந்தபோது, அந்த நான்கு பேருக்கும் ஒருவரோடொருவர் தொடர்பே இல்லை என்று பார்த்தார்கள். தனித்தனியாக வௌவாலிடமிருந்து வந்திருக்க வேண்டும், அடுத்த ஆளுக்குப் போகவில்லை.

இனி, யாருக்கும் இன்னும் உறுதியாகத் தெரியாத விஷயங்கள். வைரஸ் பழந்தின்னி வௌவாலிடம் இருக்கிறது என்பது உறுதி. பங்களாதேஷில் குளிர்காலத்தில் பச்சையாகக் குடிக்கிற ஈச்சம் பதநீர் மூலம் வருகிறது என்பதும் உறுதி, பானையில் வௌவால் வாய் வைப்பதைக் கேமரா வைத்தே பார்த்துவிட்டார்கள். ஆனால் கேரளாவில் ஒவ்வொரு முறையும் முதல் ஆளுக்கு எப்படி வருகிறது என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. 2018-ல் முதல் நோயாளியின் குடும்பத்து வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்கள்தான் காரணம் என்று நாடு முழுக்கச் செய்தி போனது, சோதித்தால் அவை பூச்சி தின்கிற வகை, வைரஸும் இல்லை. அப்புறம் அதே பகுதியில் பிடித்த பழந்தின்னிகளிடம்தான் இருந்தது. 2021-ல் ஒரு சிறுவன் இறந்தபோது ரம்புத்தான் மேல் சந்தேகம் வந்தது, அதுவும் சந்தேகமாகவே நின்றுவிட்டது. பிராய்லர் கோழியால் வருகிறது என்று 2018-ல் சுற்றிய வாட்ஸ்அப் செய்தி மட்டும் சுத்தப் பொய், யாராவது இப்போது அனுப்பினாலும் தள்ளிவிடுங்கள். இன்னொரு நிச்சயமில்லாத இடம், நோய் உள்ளே இருக்கும் காலம். பொதுவாக 4 முதல் 14 நாள், மிக அரிதாக 45 நாள் வரை போனதாகப் பதிவு இருக்கிறது. கேரளாவில் நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களை 21 நாள் கண்காணிக்கிறார்கள், அது நியாயமான அளவு என்பதே என் கருத்தும்.

இதையெல்லாம் வைத்து உங்கள் மாமியாருக்கு வருகிறேன். அவர் வசிப்பது பாலக்காடு மாவட்டம் என்பது மட்டும் அவரை ஆபத்தானவராக ஆக்காது, அங்கே லட்சக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவரிடம் போன் செய்து கேட்க வேண்டியவை வேறு. கடந்த மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்தாரா? கடும் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ குழப்பமான பேச்சோ இருந்த யாரையாவது பார்த்துக்கொண்டாரா, அப்படி இறந்தவர் வீட்டுத் துக்கத்துக்குப் போய் உடலைக் குளிப்பாட்டினாரா? நிபா உறுதியானால் நோயாளி எந்தத் தேதி எந்த நேரம் எங்கெல்லாம் போனார் என்ற விவரத்தைக் கேரளாவில் வெளியிடுவார்கள், அந்த இடங்களில் அந்த நேரத்தில் இவர் இருந்தாரா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்று வந்தால் கேரளச் சுகாதார உதவி எண் 1056-க்கு அழைத்துச் சொல்லட்டும், அவர்கள் சொல்கிறபடி நடக்கட்டும், 21 நாள் முடியும் வரை பயணம் வேண்டாம். டிக்கெட் காசு போனால் போகட்டும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் வரலாம், கிளம்பும் நாள் வரை இந்த மூன்று காரியங்களையும் தவிர்க்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் போய்ப் பார்க்காமல் வருவது அவருக்குக் கஷ்டமாக இருக்கும், மகள் பிரசவத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கள், காய்ச்சாத பதநீர் கூடாது. கீழே விழுந்த பழம், கடித்த தடம் உள்ள பழம் எதையும் சாப்பிடக் கூடாது. மற்றப் பழங்களை நன்றாகக் கழுவித் தோல் உரித்துச் சாப்பிடலாம். தோட்டத்து மரத்தில் வௌவால் இருந்தால் வெடி போட்டு விரட்டுவதோ கிளையை வெட்டுவதோ வேண்டாம், பதற்றப்பட்ட வௌவால் வைரஸை அதிகமாக வெளியேற்றக்கூடும்.

சாங்கி விமான நிலையத்தில் காய்ச்சல் பார்க்கிறார்களா இல்லையா என்பதை வைத்துத் தைரியமும் அடையாதீர்கள் பயமும் கொள்ளாதீர்கள், நோய் உள்ளே இருந்து இன்னும் காய்ச்சல் வராதவரை எந்தக் கருவியும் காட்டாது. வருவதற்கு முன் நிரப்புகிற வருகை அட்டையில் உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் போடச் சொல்லுங்கள். வந்த பிறகு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, இருமல், தூக்கக் கலக்கம் எது வந்தாலும் குழந்தையிடமிருந்தும் உங்கள் மனைவியிடமிருந்தும் தனி அறைக்கு மாறட்டும், முகக்கவசம் போட்டுக்கொண்டு டாக்டரைப் பார்க்கட்டும், உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாகக் கேரளாவிலிருந்து வந்ததைச் சொல்லட்டும். ரொம்ப முடியவில்லை என்றால் ஆம்புலன்ஸுக்கு 995, அவர்களிடமும் அதே வாக்கியம். இங்கே நிபா உடனே அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது, என்சிஐடி என்று சொல்கிற தேசிய தொற்றுநோய் நிலையம் 2019 முதல் இதற்காகவே நடக்கிறது, பரிசோதனை வசதி உள்ளூரிலேயே இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாடு எல்லாம் நோயாளி உண்மையைச் சொல்வதிலிருந்துதான் தொடங்கும். என் அனுபவத்தில் ஊருக்குப் போய் வந்ததை மறைக்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் மறைப்பதில்லை, வேலை பாஸ் போய்விடும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், பில் எகிறும் என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள். அந்த மூன்றாவது பயம் நியாயமானது. வருகையாளராக வருகிறவருக்கு இங்கே அரசாங்கச் சலுகைக் கட்டணம் கிடையாது, உங்கள் கம்பெனி இன்சூரன்ஸ் அவரைச் சேர்க்காது. அதனால் பயணக் காப்பீடு எடுங்கள், எடுக்கும்போது ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட தொற்றுநோய்ப் பரவலை விலக்கியிருக்கிறார்களா என்று நிபந்தனைகளில் தேடிப் பார்த்துவிட்டு எடுங்கள். சர்க்கரை, பிரஷர் இருந்தால் அதையும் சொல்லியே எடுங்கள். நிபாவை விட அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வாய்ப்பு எத்தனையோ மடங்கு அதிகம்.

கூட இருக்கும் குடும்பத்தின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை, அவர்களுக்கும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன கேள்விகளையும் மாமியார் சொன்ன பதில்களையும் அவர்களுக்கு அப்படியே காட்டுங்கள், முதல் மூன்று வாரம் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதி வைக்கிறோம் என்று சொல்லுங்கள். 2003-ல் இங்கே பள்ளிப் பிள்ளைகள்கூடத் தினமும் அதைச் செய்தார்கள், செலவில்லாத காரியம், பயந்தவர்களுக்கு அது தருகிற நிம்மதி பெரிது. ஆனால் கேரளாக்காரர் என்பதாலேயே வரக் கூடாது என்றால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். 2018-ல் பேராம்பிரா நர்சுகள் பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை, ஆட்டோக்காரர்கள் ஏற்றவில்லை. சார்ஸ் சமயத்தில் இங்கேயும் சீருடையோடு நாங்கள் வெளியே போகத் தயங்கின காலம் இருந்தது. ஒதுக்கப்படுவோம் என்று தெரிந்தால் மனிதர்கள் காய்ச்சலை மறைப்பார்கள், அதனால் எல்லோருக்கும்தான் ஆபத்து.

அப்பா சொல்கிற யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. பேரப்பிள்ளை மேல் உள்ள கவலையில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் திருச்சி பாலக்காட்டிலிருந்து சில மணி நேர ரயில் தூரம். கேரளாவில் நிபா வந்தால் எல்லையில் இருக்கிற வாளையார் சோதனைச் சாவடியில் தமிழ்நாட்டு அதிகாரிகள் நின்று காய்ச்சல் பார்ப்பது அதனால்தான். தூரக் கணக்கைத்தான் பார்ப்பது என்றால் அவர் கூப்பிடுகிற இடம் சிங்கப்பூரை விடப் பக்கம். அதற்காகத் திருச்சி ஆபத்து என்று சொல்லவில்லை, அங்கேயும் பயப்பட ஒன்றுமில்லை. எட்டாவது மாதத்தில் பயணம், புது டாக்டர், புது மருத்துவமனை, இவை நிஜமான தொந்தரவுகள், நிபா உங்கள் வீட்டுக்கு வருவது மிக மிகச் சிறிய சாத்தியம். 36 வாரத்துக்குப் பிறகு பெரும்பாலான விமான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதும் இல்லை.

எப்போது என் பதிலை மாற்றிக்கொள்வேன் என்று கேட்பீர்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை கூடுவதை மட்டும் பார்த்து மாற்ற மாட்டேன். ஒருவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து மூன்றாமவர், அவரிடமிருந்து நான்காமவர் என்று மருத்துவமனைக்கு வெளியே சங்கிலி நீண்டால், மனிதரிடமிருந்துதான் வந்தது என்று தெரிந்தும் யாரிடமிருந்து என்று கண்டுபிடிக்க முடியாத நோயாளிகள் வெவ்வேறு ஊர்களில் கிளம்பினால், முழுப் பாதுகாப்பு உடை போட்டிருந்த மருத்துவப் பணியாளர்களுக்கே வர ஆரம்பித்தால், அப்போது இந்த வைரஸ் பழைய குணத்தை விட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். இருபது வருடத்துக்கும் மேலாக இந்தியாவிலும் பங்களாதேஷிலும் இது வந்து போகிறது, 2004-ல் பங்களாதேஷில் ஒரு சங்கிலி மட்டும் ஐந்து கட்டம் வரை நீண்டு நின்றுபோனது, அதைத் தவிர இப்படி நடந்ததாகப் பதிவுகள் அரிது. செய்தி படிக்கும்போது இந்த மூன்றையும் தேடுங்கள், அப்புறம் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் அறிவிப்பைப் பாருங்கள், மாமியார் கிளம்புகிற வாரம் இன்னொரு தடவை பாருங்கள்.

கடைசியாக, உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் தொங்குகிற சின்ன வௌவால்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே சாதாரணமாகப் பார்க்கிறவை சின்னப் பழந்தின்னி வகை, கேரளாவில் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்ட பெரிய பழந்தின்னி இல்லை. அவற்றை அப்படியே விடுங்கள், கீழே எச்சமும் பழக்கொட்டையும் கிடந்தால் உலர்ந்தபடி பெருக்காமல் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். அடிபட்டோ இறந்தோ கிடந்தால் வெறும் கையால் எடுக்க வேண்டாம், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள், தேசியப் பூங்காக் கழகமான என்பார்க்ஸுக்குப் போன் செய்தால் வந்து பார்ப்பார்கள்.